வலது கை தெரிகிற மாதிரி

செப்டம்பர் 14, ஞாயிறு

பயமாம். எனக்குப் பயமாம்.

டிராக்கிலிருந்து உள்ளே வந்து ஹெல்மெட்டைக்கூட நான் கழற்றவில்லை. அதற்குள் பத்துப் பேர் நிற்கிற இடத்தில் அருணகிரி சத்தமாகச் சொன்னார்: "நேர்ரோடு முடியறதுக்கு முன்னாடியே ஆக்சிலேட்டர மூடிடற எழிலு. ஜூலைல விழுந்த பயம் இன்னும் போவல." சொல்லிவிட்டு நேரம் குறிக்கிற அட்டையை அவர் அக்கா மகன் விமல்ராஜிடம் நீட்டினார். அவன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இருபத்திரண்டு வயசு. அது என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறது.

நான் மூடவில்லை. எழுதியே வைக்கிறேன், மூடவில்லை. மூன்று ரவுண்டு வண்டி நன்றாகத்தான் போனது. நாலாவதில், நேர்ரோட்டின் கடைசியில், வலது கை முழுக்க முறுக்கியபடியே இருக்க, மீட்டர் முள் தானாகக் கீழே இறங்கியது. வளைவில் வேகம் குறைத்து வெளியே வந்தால் வண்டிக்கு மறுபடி உயிர் வருகிறது. அடுத்த நேர்ரோட்டில் மறுபடி மூச்சு வாங்குகிறது. ஆகஸ்டிலிருந்து இதே கதை. சொன்னால், "வண்டி மேல பழி போடாத" என்கிறார்.

அந்த வண்டியில் பாதி என்னுடையது. பழைய வண்டியை வாங்கியது நான். இன்ஜினைப் பிரித்துக் கட்டியது அருணகிரி, போளூர் ரோட்டில் இருக்கிற அவர் ஒர்க்‌ஷாப்பில். டிசம்பர் ரேஸில் யார் ஓட்டுவது என்று நவம்பரில் முடிவு பண்ணுவாராம். என்னத்தை முடிவு பண்ணுவது? அட்டை யார் கைக்குப் போனது என்று பார்த்தேனே.

வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். வழியில் டீக்கு நிறுத்தினார்கள். எனக்கு வேண்டாம் என்றேன். வேணும்போலத்தான் இருந்தது.

இன்றிலிருந்து இந்த நோட்டில் அவர் அண்ணன் கிடையாது. வெறும் அருணகிரி. 'சொன்னான்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

வேலை முடிந்து ஒர்க்‌ஷாப் போனேன். அங்கே பதினோரு வருஷமாகத் தலைமை மெக்கானிக் வேடியப்பன் அண்ணன். வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஸ்டாண்டில் நிறுத்தி, அரை மணி நேரம் முறுக்கி ஓட்டிக் காட்டினார். ஒரு குறையும் இல்லை. மூச்சும் வாங்கவில்லை, முள்ளும் இறங்கவில்லை.

"பாரும்மா, எப்டி பாடுது" என்றார்.

இங்கே பாடுகிறது. அங்கே மட்டும் தொண்டை கட்டிக்கொள்கிறது. இந்த ஆளும் அருணகிரி பக்கம்தான்.

வாயால் சொல்லி இனிப் பிரயோஜனம் இல்லை. கேமரா வைக்கப் போகிறேன். என் வலது கையும் மீட்டர் முள்ளும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி. கை மூடவில்லை, முள் மட்டும் இறங்குகிறது — அதை அந்தப் பத்துப் பேரும் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

நான் வேலை செய்கிற கெஸ்ட் ஹவுஸ் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கம். பதினோராம் நம்பர் அறையில் ஒரு ஸ்பெயின்காரர் மூன்று வாரமாகப் பற்றுகளை விட்டுக்கொண்டிருக்கிறார். இன்று அவர் விட்ட பற்று ஒரு ஆக்‌ஷன் கேமரா. பற்றை விட்டார், விலையை மட்டும் கடைசிவரைக்கும் விடவில்லை. ஒரு மாதம் சாயங்கால டிபன் இல்லாமல் இருந்துகொள்கிறேன் என்று முடிவு பண்ணி வாங்கிவிட்டேன்.

தீப்பெட்டி இரண்டை அடுக்கினால் என்ன அளவோ அவ்வளவுதான் இருக்கிறது. இதுதான் என் சாட்சி.

செப்டம்பர் 21, ஞாயிறு

கீழ்பென்னாத்தூர் போய் வந்தேன். அம்மாவுக்குக் கேமராவைக் காட்டினேன். "இதுல தெரிஞ்சா விழ மாட்டியா?" என்று கேட்டாள். கேமராவைப் பையில் போட்டேன்.

கிளம்பும்போது வழக்கம்போலச் சந்தனப் பொட்டலமும் கோயில் குங்குமமும் கையில் திணித்தாள். ஒவ்வொரு தடவையும் வண்டியில் ஏறுவதற்கு முன் பொட்டு வைக்க வேண்டும், அதுதான் நான் ரேஸ் ஓட்ட அவள் போட்ட ஒரே நிபந்தனை. ரேஸ் வண்டிக்கு ஹெட்லைட்டும் கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. நான் விழுந்த பிறகு முன்னால் புதுக் கூடு வேறு மாட்டி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். பொட்டு வைக்கவே இடம் தேட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னால் ரேஸே வேண்டாம் என்பாள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

போச்சு. முதல் நாளே போச்சு.

ஹெல்மெட்டில், தாடைப் பக்கம் ஒட்டிக்கொண்டு போனேன். வண்டிகளைச் சோதித்து உள்ளே விடுகிறவர் தூரத்திலேயே கையைக் காட்டினார். "ஹெல்மெட்ல எதுவும் ஒட்டக் கூடாதும்மா. விழுந்தா கழுத்து போயிடும்." சரி என்று பிய்த்து டேங்க் மேல் ஒட்டினேன். அதற்கும் தலையை ஆட்டினார். "பசை மட்டும் பத்தாது. பிச்சினு போனா பின்னாடி வர்றவன் மூஞ்சில அடிக்கும். கம்பி போட்டுக் கட்டினு வா."

கம்பிக்கு எங்கே போவேன்? அரை மணி நேரம் அலைந்தேன். என் முதல் செஷன் அதிலேயே முடிந்துவிட்டது. விமல்ராஜ் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, "அக்கா, வீடியோ எடுத்தா டைம் கம்மியாவுமா?" என்று கேட்டான்.

இரண்டாவது செஷனில் கேமரா இல்லாமல் போனேன். நாலாவது ரவுண்டில் அதே மூச்சு. உள்ளே வந்து பெட்ரோல் ஊற்ற டேங்க் மூடியைத் திறந்தால் அதுவும் என்னைப் பார்த்து புஸ் என்கிறது. எல்லாருக்கும் என்னைப் பார்த்தால் எகத்தாளம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனரிலிருந்து காற்றடிக்கிற மிஷின் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு. பொரி வாங்கிக்கொண்டு திரும்பினால் மேஜைமேல் என் கேமரா — லென்ஸ் மேல் கொழகொழவென்று சந்தனம், நடுவில் குங்குமம். வேடியப்பன் அண்ணன் வேலை. பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலியா? எங்க வைக்கணும்னுகூடத் தெரியாதா? பதினோரு வருஷமா என்னாத்த வேல செஞ்சீங்க?" என்று கத்திவிட்டேன். அத்தனை பேர் முன்னாலும். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. துணியைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

துடைத்தேன். ஓரத்தில் காய்ந்துபோனது சுண்ணாம்புபோல் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, பல் குத்துகிற குச்சியால் சுரண்டி எடுத்தேன்.

ஜாஸ்தியாகக் கத்திவிட்டேனோ? இல்லை. லென்ஸ் போயிருந்தால் யார் தருவார்கள்?

அக்டோபர் 12, ஞாயிறு

கம்பி கட்டினேன். டேங்க் மேல் ஒட்டினேன். சோதிக்கிறவர் இழுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மூன்று செஷன் எடுத்தேன். அறைக்கு வந்து போட்டுப் பார்த்தால் ரோடு, ரோடு, ரோடு. கோணம் மேலே தூக்கிக்கொண்டுவிட்டது. என் கை படத்திலேயே இல்லை. ரோடும் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி நெளிகிறது. இன்ஜின் அதிர்வு முழுக்கக் கேமராவுக்குள் இறங்கியிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? ரோடு பயப்படவில்லை என்றா?

அக்டோபர் 13, திங்கள்

அருணகிரி வாயைத் திறந்துவிட்டார். "நவம்பர் ஒம்போதாம் தேதி டிராக்குல பார்ப்பேன். அன்னிக்கும் இப்டியே மூடினா டிசம்பர் ரேஸுக்கு விமல்ராஜ்தான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

நான் எப்போது அழுதேன்? தோள்பட்டை இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அழவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கெஸ்ட் ஹவுஸில் வெடிச் சத்தம் தியானத்தைக் கெடுக்கிறது என்று நாலு புகார். நான் என்ன, ஊரையே அணைத்துவிடவா?

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம். அறை இல்லை அறை இல்லை என்று நூறு தடவை சொல்லித் தொண்டை போனது. ஞாயிறு லீவு மட்டும் கேட்டு வாங்கிவிட்டேன்.

நவம்பர் 8, சனி

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன். எழுதி வைக்கிறேன், தப்பினால் என் தப்பு.

டேங்கின் இடது ஓரத்தை முதலில் பெட்ரோல், பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு ரப்பர் வெட்டி, அதிர்வு ஏறாமலிருக்கத் தாங்கிக்கு நடுவில் கொடுத்தேன். பசைத் தகட்டை நேற்றே ஒட்டிவிட்டேன், ஒரு நாள் முழுக்க ஊறினால்தான் பிடிக்குமாம். கம்பி இரண்டு சுற்று. குலுக்கல் குறைக்கிற செட்டிங்கை அணைத்தேன், அது ரோட்டை நேராக்கப் பார்த்துக் கையை ஆட்டிவிடுகிறது. வண்டிமேல் உட்கார்ந்து போனில் படத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினேன். வலது பக்கம் என் கைப்பிடி, மேலே மீட்டர், கீழே டேங்க் மூடி. மூன்றும் தெளிவாக.

கிளவுஸ் போட்டால் பட்டனை அமுக்க முடியவில்லை. அதனால் வரிசையில் நிற்கும்போதே, வெறுங்கையாக இருக்கும்போதே, ஓட விட்டுவிட வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

கிடைத்தது!!

அறைக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்தேன். நாலாவது ரவுண்டு. நேர்ரோடு. கை முழுக்க முறுக்கியிருக்கிறது, மணிக்கட்டு நன்றாகக் கீழே. அசையவில்லை. முள் பதினோராயிரத்திலிருந்து வழுக்கி ஏழுக்கு வருகிறது. கை அப்படியேதான் இருக்கிறது. ஐந்தாவது ரவுண்டிலும். ஆறிலும்.

டிராக்கில் அருணகிரி அட்டையில் என்னமோ கிறுக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிறுக்கட்டும். நாளைக்கு இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

ஒர்க்‌ஷாப்பில் கிரிக்கெட் பார்க்கிற டிவி ஒன்று இருக்கிறது. அதில் போட்டேன். விமல்ராஜ், வேடியப்பன் அண்ணன், இரண்டு கஸ்டமர், எதிர் டீக்கடையிலிருந்து நாலு பேர். யார் யார் வேண்டுமென்று நினைத்தேனோ எல்லாரும். முன்னால் வரிசையில் நிற்கிற கதையெல்லாம் எதற்கு? நேராக நாலாவது ரவுண்டிலிருந்து போட்டேன்.

மூன்று தடவை. மூன்றாவது தடவை சத்தத்தைக் கூட்டினேன்.

"கை மூடுதாண்ணே?" என்றேன்.

அருணகிரி ரிமோட்டைத் தேடினார்.

"மூடுதானு கேக்கறேன்."

"மூடல" என்றார் அருணகிரி. முகம் கறுத்துவிட்டது. அப்படியே வேடியப்பன் அண்ணன் பக்கம் திரும்பினார். "கார்புரேட்டர் யார்ரா கட்டுனது?"

"நான்தான்."

"கட்டுன லட்சணமா இது? ஒரு பொம்பளப் புள்ளகிட்ட எல்லார் முன்னாடியும் என்னைத் தல குனிய வெச்சிட்டியே!" இன்னும் என்னென்னவோ. எழுத வேண்டாம்.  வேடியப்பன் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் வைத்தார், சட்டையை மாற்றினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் ரேஸ் எனக்கு. அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

நவம்பர் 11, செவ்வாய்

இப்படித் தூங்கி மாசக்கணக்காகிறது. அருணகிரி புதுக் கார்புரேட்டர் வாங்கி மாட்டிவிட்டாராம். வேடியப்பன் அண்ணன் இன்று வேலைக்கு வரவில்லையாம். தப்பாகக் கட்டினவருக்குத் திட்டு விழத்தான் விழும். எனக்கு மூன்று மாசம் விழவில்லையா?

நவம்பர் 14, வெள்ளி

சாயங்காலம். கெஸ்ட் ஹவுஸ் கவுன்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீடியோவை நெட்டில் என் பக்கத்தில் போடலாம் என்று முதலிலிருந்து ஓட விட்டேன். முதல் நாலு நிமிஷம் வரிசையில் நிற்கிறேன். ஆளில்லாத கைப்பிடி, அணைந்த மீட்டர், கீழே டேங்க் மூடி. யாரோ இருமுகிறார்கள். பிறகு என் வலது கை உள்ளே வருகிறது. மோதிர விரலில் சந்தனம். மூடியில் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி இருக்கும், விரல் நுனி சரியாக உட்காரும் — அதில் வைத்து அமுக்குகிறேன். பத்தவில்லை என்று இன்னொரு தடவை. மேலே குங்குமம். விரலில் மிச்சமிருந்ததையும் அங்கேயே வழித்துவிட்டுக் கிளவுஸ் போடுகிறேன்.

முதலில் சிரிப்பு வந்தது. அம்மா பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று.

அப்புறம் அந்தக் குழி எதற்கு என்று யோசித்தேன்.

அம்மா எண்ணெய் டின்னில் இரண்டு ஓட்டை போடுவாள். ஒன்று எண்ணெய் வர, இன்னொன்று காற்றுப் போக. காற்று ஓட்டையை விரலால் மூடினால் எண்ணெய் நின்றுவிடும். சின்ன வயசில் அதை வைத்து விளையாடி அடி வாங்கியிருக்கிறேன்.

டேங்க் மூடி திறந்தால் புஸ். கழுவிவிட்டு ஓட்டினால் பாடுகிறது. ஆகஸ்டில்தான் கூடு மாட்டினார்கள், அதற்கு முன்னால் பொட்டு ஹெட்லைட் இருந்த தகட்டில். ஜூனில் வண்டி நன்றாக ஓடியது.

ஐயோ.

நவம்பர் 15, சனி

மத்தியானம் அருணகிரி சாப்பிடப் போன நேரம் ஒர்க்‌ஷாப் போய் அந்தக் குழிக்குள் ஊக்கை விட்டுக் குத்தினேன். மஞ்சளாகத் துகள் வந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

யாருக்கும் தெரியாது. கேமரா என்னுடையது, கார்டு என்னுடையது. அந்த நாலு நிமிஷத்தை அழித்தால் முடிந்தது. இனிமேல் பொட்டை வேறு இடத்தில் வைத்தால் வண்டி ஓடும், புதுக் கார்புரேட்டரால்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். டிசம்பர் என்னுடையது.

அருணகிரிக்கு மட்டும் நியாயம் இருந்ததா? பயம் என்றாரே, பத்துப் பேர் முன்னால்? அது தப்பு என்று அவர் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

அழிக்கவும் இல்லை. ஏன் அழிக்கவில்லை, கழுதை?

நவம்பர் 17, திங்கள்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பஞ்சர் கடையில் வேடியப்பன் அண்ணன். ரேஸ் இன்ஜின் கட்டுகிற கை, தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறது. நான் எதிர்ப்பக்கமாகவே நடந்து வந்துவிட்டேன்.

அவர் மனைவி வெள்ளையம்மாளைக் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். என்னிடம் நன்றாகத்தான் பேசினாள். "அவரு ஒரு வாரமா தூக்கத்துல, நான் சரியாத்தான் கட்டுனேன், சரியாத்தான் கட்டுனேன்னு உளர்றாரும்மா" என்றாள்.

நவம்பர் 19, புதன்

சொல்லிவிட்டேன்.

அதே டிவி. இந்தத் தடவை முதல் நாலு நிமிஷம். அருணகிரியும் விமல்ராஜும்தான் இருந்தார்கள். விரல் குழியில் அமுங்கியதும் நிறுத்தினேன். ஊக்கோடு ஒட்டியிருந்த மஞ்சள் துகளைப் பேப்பரில் மடித்து வைத்திருந்தேன், அதையும் மேஜைமேல் வைத்தேன். விளக்கம் தேவைப்படவில்லை. அவர் மெக்கானிக்.

பேப்பரைப் பிரித்துத் துகளை விரலால் தேய்த்துப் பார்த்தார். "தெனம் பார்த்துனுதான் இருந்தோம், மூடி மேல பொட்டு" என்றார். "பொட்ட யார் பாக்கறா."

விமல்ராஜ் சிரிக்க ஆரம்பித்தான். "வாய மூடு" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "வேடியப்பன் என்னா பாவம் பண்ணான்?"

"நானா அவர திட்டினேன்? நீங்கதானே திட்டினீங்க!"

"ஆமா. நான்தான். அதுக்கு நான் அனுபவிக்கிறேன். நீ எத்தினி நாளா தெரிஞ்சினு வெச்சிருந்த?"

"அஞ்சு நாள்."

"அஞ்சு நாள்" என்றார். "டிசம்பர் விமல்ராஜ் ஓட்டட்டும். பேச வாணாம், போ."

வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணத் தெரியாமல் நின்றேன். கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவர்மேல்தான். இல்லை, எல்லார்மேலும். அந்தச் சந்தனப் பொட்டலத்தின்மேல்.

நவம்பர் 20, வியாழன்

பஞ்சர் கடைக்குப் போனேன்.

"அருணகிரி போன் பண்ணாரு. வரலன்னுட்டேன்" என்றார் வேடியப்பன் அண்ணன், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. கை டியூபைத் தண்ணீருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"என் தப்புதாண்ணே."

"ஆயுத பூஜையன்னிக்கு எங்கிட்ட என்னா கேட்ட?"

கீழே கிடந்த டயரைப் பார்த்தேன்.

"ஞாபகம் இருக்குதா இல்லியா?"

"இருக்குது."

"சொல்லு."

"பொட்டு எங்க வைக்கணும்னு தெரியாதானு."

"ம்" என்றார். டியூபில் குமிழி வந்தது. அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்தார். அதற்கப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை.

டிசம்பர் 3, புதன்

தீபம். மாடியில் நின்று பார்த்தேன். எல்லாரும் அரோகரா என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

ரேஸுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று அருணகிரி போன்: "கேமராவ அதே மாதிரி கட்டிட்டுப் போ." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தயவுசெய்து என்கிற வார்த்தையே அந்த ஆளுக்குத் தெரியாது. என் பாதி வண்டி போகிறது, நான் போகாமலிருப்பேனா?

கட்டினேன். அதே கோணம். விமல்ராஜ் குனிந்து பார்த்தான். "அக்கா, இன்னாத்துக்கு என் கைய காட்டுது?"

"இருக்கட்டும்" என்றார் அருணகிரி.

டேங்க் மூடி பளிச்சென்று இருந்தது. பன்னிரண்டு வண்டியில் விமல்ராஜ் ஒன்பதாவதாக வந்தான்.

டிசம்பர் 15, திங்கள்

மறுபடி டிவி. மறுபடி டீக்கடை ஆட்கள்.

"மாமா, நேர்ரோட்டுக் கடைசில வண்டி மூச்சு வாங்குது" என்றான் விமல்ராஜ். அதே வார்த்தை. என் வார்த்தை.

டிவியில் அவன் கை. நேர்ரோடு முடிய இன்னும் தூரம் இருக்கிறது, மணிக்கட்டு மெதுவாக மேலே வருகிறது. முதலில் கை மூடுகிறது, அதற்கப்புறம்தான் முள் இறங்குகிறது. ஒவ்வொரு ரவுண்டிலும், அதே இடத்தில். அவன் பொய் சொல்லவில்லை. அவன் கை மூடுவது அவனுக்கே தெரியவில்லை.

மூன்று மாசமாகச் சேர்த்து வைத்த வார்த்தை அத்தனையும் என் வாய் வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். செப்டம்பரில் என் முகம் ஹெல்மெட்டுக்குள் இருந்தது. அவனுக்கு அந்த வசதி இல்லை. பேசாமல் கார்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

எல்லாரும் போன பிறகு அருணகிரி சொன்னார்: "ஜனவரி பதினெட்டு டிராக். லீவு சொல்லிடு."

"வேடியப்பண்ணன் வந்தா வரேன்."

"நான் கூப்ட்டு வரல. நீ போய்க் கூப்டு."

மன்னிப்பு அவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பயம் என்று சொன்னதை நான் மறக்கப் போவதும் இல்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

பஞ்சர் கடைக்கு இது நாலாவது தடவை. இன்று உட்கார ஸ்டூல் தள்ளினார். பதில்தான் தள்ளவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். ஒர்க்‌ஷாப் வாசலில் வேடியப்பன் அண்ணனின் சைக்கிள் நின்றிருந்தது. உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

டிராக். முதல் செஷனுக்கு வரிசையில் நின்றேன். கேமராவை ஓட விட்டேன். சந்தனம் குழைத்த உள்ளங்கையோடு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். கூட்டின்மேல் ஸ்டிக்கர், பக்கத்தில் சூடு, எங்கே வைத்தாலும் எதையாவது அடைத்துவிடுமோ என்று இருந்தது. அம்மா காலையிலேயே போனில் கேட்டுவிட்டாள், வைக்காமலும் ஏற முடியாது.

வேடியப்பன் அண்ணன் வந்தார். நேற்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்து மூடியின் குழியில் ஒரு குத்து குத்தினார், வாயை வைத்து ஊதினார். ஊசியைத் துடைத்துத் திரும்பப் பையில் குத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. கொடிக்காரர் எனக்குக் கை காட்டினார்.

வேடியப்பன் அண்ணன் ஸ்பேனரால் முன் சக்கரத்து மட்கார்டை ஒரு தட்டு தட்டினார்.

"இங்க வை" என்றார்.

வைத்தேன்.